பாவித்த இறுவட்டு விலைபோன கதை



இணையச் சந்தையில் ஒரே பாடகரின் ஒரே இசைத்தொகுப்பு ஓரிடத்தில் ஒரு பென்ஸுக்கும் இன்னோரிடத்தில் பன்னிரண்டு பவுணுக்கும் விற்பனைக்குப் போடப்பட்டிருந்ததை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு பென்ஸ் இறுவட்டு மாதக் கணக்காகக் கேட்பாரற்றுக் கிடக்க, பன்னிரண்டு பவுண் இறுவட்டு ஒரு கிழமைக்குள் விற்றுப் போனதும் உண்டு. மலிவாகப் போட்டால் விற்கும் என்பதுதான் சந்தைக்குப் போகும் எவருக்கும் வருகின்ற முதல் எண்ணம். பாவித்த இறுவட்டின் வரலாறு அந்த எண்ணத்துக்கு நேர்மாறான பாடத்தைச் சொல்கிறது.

நான் தொழிலால் கணக்காளன். கிழமை நாட்களில் மற்றவர்களின் வரவு செலவைப் பார்க்கிறேன். வார இறுதியில் தொண்டனாக இந்த வானொலியின் ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கிறேன். நேயர்கள் அன்பளிப்பாகத் தந்த பாவித்த இறுவட்டுகளை இணையத்தில் விற்று நிலையத்தின் செலவுக்குச் சேர்க்கும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது. அந்த வேலையோடுதான் இந்த வரலாற்றையும் தேடிப் படித்தேன். படித்ததை ஒரு வரியில் சொல்வதானால், விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்த ஒன்று வெளியே சொல்லப்பட்ட போதெல்லாம் பாவித்த இறுவட்டின் விற்பனை ஒரு படி ஏறியிருக்கிறது. அந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விற்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

காசு கொடுத்து வாங்கிய இசையை இன்னொருவருக்கு விற்க எங்களுக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கான விடை இறுவட்டு பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே கிடைத்துவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் பொப்ஸ் மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலை வெளியிட்டு, இதை ஒரு டொலருக்குக் குறைவாக எவரும் விற்கக்கூடாது என்று நூலுக்குள்ளேயே அச்சிட்டது. மேசிஸ் என்ற பெரும் அங்காடியின் உரிமையாளர்களான ஸ்ட்ரோஸ் சகோதரர்கள் அதனை 89 சதத்துக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1908ஆம் ஆண்டில் நீதிமன்றம் அங்காடியின் பக்கம் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை உள்ளவருக்குப் பிரதியை முதன்முதலாக விற்கும் உரிமை உண்டு. விற்ற பிறகு அந்தப் பிரதி எந்த விலைக்குக் கை மாறுகிறது என்பதில் அவர் தலையிட முடியாது. இதுவே முதல் விற்பனைக் கோட்பாடு எனப்படுவது. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இதையொத்த ஏற்பாடு இருக்கிறது.

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய இறுவட்டு 1982 ஒக்டோபரில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வந்து சேர்ந்தது. ஒலிநாடா ஓட ஓடத் தேயும்; இசைத்தட்டில் ஊசி ஓட ஓடக் கீறல் விழும். இறுவட்டைத் தொடுவது ஒளிக்கதிர் மட்டுமே என்பதால் பாட்டுக் கேட்பதால் அது தேய்வதில்லை. வாங்குபவருக்கு மகிழ்ச்சியளித்த இந்தச் சிறப்பு, இசை நிறுவனங்களுக்குப் பின்னர் தலைவலியாயிற்று. பாவித்ததும் புதியது போலவே ஒலிக்குமென்றால், புதியதை யார் வாங்குவார்கள்?

இந்தப் பயம் 1993இல் வெடித்தது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கிளைகள் கொண்டிருந்த வேர்ஹவுஸ் என்ற கடைத்தொடர் பாவித்த இறுவட்டுகளையும் விற்கத் தொடங்கியது. சிறிய கடைகள் முன்பே செய்து வந்த வேலைதான். ஆயினும் பெரிய கடைத்தொடர் ஒன்று கையிலெடுத்ததும், பாவித்த இறுவட்டு விற்கும் கடைகளுக்கு விளம்பரப் பங்குப் பணம் கிடையாது என்று பெரும் விநியோக நிறுவனங்களில் நான்கு அறிவித்தன. நாட்டுப்புற இசைப் பாடகர் கார்த் புரூக்ஸ், அவ்வாண்டு ஓகஸ்ட்டில் வரவிருந்த தனது புதிய தொகுப்பு அத்தகைய கடைகளுக்குப் போகக்கூடாது என்றார். பதிலுக்கு, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லன்ட் நகரில் மியூசிக் மிலேனியம் என்ற கடையின் உரிமையாளர் வாடிக்கையாளர்களைத் திரட்டி, அந்தப் பாடகரின் இறுவட்டுகளை நெருப்பில் வாட்டும் எதிர்ப்பு விருந்து வைத்தார். வேர்ஹவுஸ் வழக்குத் தொடுத்தது. அரசின் வணிக ஆணைக்குழு விசாரணையில் இறங்கியது. சில மாதங்களில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. 1908இன் தீர்ப்பு இறுவட்டுக்கும் பொருந்தும் என்பதை யாரும் அசைக்க முடியவில்லை. உரிமை நிலைத்தது. ஆனால், உரிமை இருந்துவிட்டால் மட்டும் பொருள் விற்றுவிடுமா?

எலுமிச்சம்பழச் சந்தை

கடையில் பாவித்த இறுவட்டை வாங்குபவர் என்ன செய்தார்? பெட்டியைத் திறந்து, தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே உள்ள பாடல் நூலைப் புரட்டினார். தேவையென்றால் கடைக்காரரிடம் போட்டுக் காட்டச் சொன்னார். அவருடைய கண்ணும் காதும் காவல் நின்றன. கண்ணால் காணாத பொருளைத் தபாலில் வாங்குபவருக்கு இந்தக் காவல் இல்லை.

இந்தச் சிக்கலைப் பொருளியல் மொழியில் விளக்கியவர் ஜோர்ஜ் அகர்லொவ். 1970இல் அவர் எழுதிய கட்டுரை பாவித்த கார்களைப் பற்றியது. அமெரிக்கப் பேச்சு வழக்கில் பழுதான காரை எலுமிச்சம்பழம் என்பார்கள். நல்ல கார் எது, பழுதான கார் எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். மிஞ்சுவது பழுதானவை. அதைக் கண்டு விலை மேலும் விழும். மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய இந்தக் கட்டுரை பின்னர் பெரும் புகழ் பெற்றது. 2001இல் அகர்லொவ் வேறு இருவருடன் சேர்ந்து நோபல் பரிசைப் பெற்றார்.

இந்த விளக்கத்தை இறுவட்டோடு பொருத்திப் பாருங்கள். விபரம் சொல்லாமல் விற்பனைக்கு வரும் இறுவட்டு எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் சந்தை அதற்குப் பழுதானதின் விலையைத்தான் கொடுக்கும். விலையைக் குறைத்தால் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. கணக்கியலிலும் இதுவேதான். ஐந்தொகையில் விளக்கக் குறிப்பு இல்லாத நிறுவனத்தின் பங்கை எவரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள்.

தபாலில் இசைத்தட்டு வாங்கி விற்ற சேகரிப்பாளர்கள் இதற்கு ஒரு மருந்தை முன்னரே கண்டுபிடித்திருந்தார்கள். அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய கோல்ட்மைன் என்ற சேகரிப்பாளர் இதழின் வழியாகத் தரப்படுத்தல் முறை ஒன்று பரவியது. மின்ட் என்றால் குறையே இல்லாதது. நியர் மின்ட் என்றால் ஏறத்தாழப் புதியது. வெரி குட் பிளஸ் என்றால் சிறு அடையாளங்கள் உண்டு, கேட்பதற்குக் குறையில்லை. குட் என்ற சொல் உண்மையில் நல்லதைக் குறிப்பதில்லை. நன்றாக அடிபட்டது என்பதே அதன் பொருள். பிரித்தானியாவில் ரெக்கோர்ட் கலெக்டர் இதழும் தன்னுடைய தர அளவுகோலை வைத்துக்கொண்டது. ஒருவரையொருவர் காணாத இருவருக்கு இந்தச் சொற்கள் பொதுமொழியாகின. இறுவட்டுக்கும் இதே அளவுகோலே பின்னர் வழங்கலாயிற்று.

நட்சத்திரங்களின் பெறுமதி

இணையத்தில் பாவித்த இசைக்கென்றே அமைந்த முதற் சந்தைகளுள் ஒன்று 1994இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஜெம். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் பியர் ஒமிடியார் என்ற இளைஞர் ஒக்ஷன்வெப் என்ற ஏலத்தளத்தைத் திறந்தார். அதுதான் பின்னர் ஈபே ஆயிற்று. முதலில் அங்கு விற்றவற்றுள் ஒன்று உடைந்துபோன லேசர் சுட்டுகோல். 14 டொலர் 83 சதத்துக்குப் போனது. அது உடைந்தது என்பதைச் சொல்லித்தான் விற்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தரச் சொல்லைச் சொல்பவரே பொய் சொன்னால் என்ன செய்வது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. 1996 பெப்ரவரியில் ஒமிடியார் அதற்கு வழி செய்தார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்குப் பிறகும் இரு தரப்பினரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லோரும் காணக் கருத்து எழுதலாம். ஊரில் ஒரு கடைக்காரரின் பெயர் எப்படிப் பரவுமோ அப்படியே முன்பின் தெரியாத ஒருவரின் பெயரும் பரவத் தொடங்கியது.

இந்தப் பெயருக்குக் காசுப் பெறுமதி உண்டா என்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். போல் ரெஸ்னிக்கும் அவருடைய குழுவினரும் பழைய தபாலட்டைகளை ஈபேயில் விற்றார்கள். ஒரே மாதிரியான அட்டைகளை, பல்லாண்டு நற்பெயர் உள்ள விற்பனையாளரின் பெயரிலும் புதிய பெயர்களிலும் போட்டார்கள். நற்பெயருக்கு 8.1 சதவீதம் கூடுதல் விலை தர வாங்குபவர்கள் ஆயத்தமாயிருந்தார்கள் என்று 2006இல் வெளியான அவர்களின் கட்டுரை சொல்லியது. கணக்கியலில் நற்பெயர் என்று ஒரு சொத்தை ஐந்தொகையில் எழுதுவோம். அதன் பெறுமதியை இவ்வளவு நேராக அளந்து காட்டியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த முறையிலும் ஓட்டை இருந்தது. நீ என்னைக் குறை சொன்னால் நானும் உன்னைக் குறை சொல்வேன் என்ற பயத்தில் வாங்கியவர்கள் வாய் திறக்கவில்லை. 2008இல் ஈபே, விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பீடு எழுதுவதை நிறுத்தியது. விற்பவர்கள் கொதித்தார்கள். ஆனால் அதன் பிறகு மதிப்பீடுகளை நம்பிப் படிக்கலாம் என்ற நிலை கூடியது.

பார்கோட்டும் ஒரு பென்ஸ் இறுவட்டும்

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 94 கோடி அளவிலான புதிய இறுவட்டுகள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. அதுவே உச்சம். அதே ஆண்டு ஜனவரியில் ஹாவ் டொட் கொம் என்ற தளம் திறந்தது. இறுவட்டின் பின்புறத்திலுள்ள பார்கோட் எண்ணைத் தட்டினால் போதும். பாடகர், தொகுப்பு, பாடல்கள், படம் எல்லாம் தாமாகவே வந்து நிரம்பும். விற்பவர் நிலையையும் விலையையும் மட்டும் எழுதினார். சில மாதங்களிலேயே ஈபே அதை வாங்கிவிட்டது. 2017இல் அது மூடப்பட்டது. 2000 நவம்பரில் அமேசன், புதிய பொருள் விற்கும் அதே பக்கத்தில் மற்றவர்களின் பாவித்த பொருளையும் விற்க இடம் கொடுத்தது. பொருள் எது என்ற குழப்பம் பார்கோட்டினால் நீங்கியதும் இலட்சக்கணக்கான வீட்டு அலுமாரிகள் சந்தைக்கு வந்தன.

வந்ததும் விலை விழுந்தது. ஒரே பக்கத்தில் நூறு பேர் ஒரே இறுவட்டைப் போட்டால், மற்றவரை விட ஒரு பென்ஸ் குறைப்பதே போட்டியாகும். கடைசியில் ஒரு பென்ஸில் வந்து நின்றது. ஒரு பென்ஸுக்கு விற்று எப்படிப் பிழைத்தார்கள்? வாங்குபவர் கட்டும் தபாற்செலவுக்கும் உண்மையில் ஆகும் தபாற்செலவுக்கும் இடையில் இருந்த சில பென்ஸ்களே அவர்களின் இலாபம். அஞ்சல் நிறுவனத்துடன் மொத்த ஒப்பந்தம் வைத்திருந்த பெரும் களஞ்சியங்களுக்கே அது கட்டுப்படியானது. வீட்டு மேசையிலிருந்து விற்பவர் அந்த ஓட்டத்தில் கலந்துகொண்டால் கைக்காசை இழப்பார்.

தபாற்செலவு பற்றி இன்னொரு ஆய்வும் உண்டு. தன்ஜிம் ஹொசைன், ஜோன் மோர்கன் ஆகிய இருவரும் ஈபேயில் 80 ஏலங்களை நடத்தினார்கள். அவர்கள் விற்றவற்றுள் இசை இறுவட்டுகளும் இருந்தன. தொடக்க விலையைக் குறைத்துத் தபாற்செலவைக் கூட்டி வைத்த ஏலங்களுக்குக் கூடுதலானோர் வந்தார்கள். மொத்த வரவும் கூடியது. தபாற்செலவு மிதமிஞ்சியபோது அந்தப் பலன் மறைந்தது. 2006இல் இது வெளியானது. விற்பவர்கள் இந்த வித்தையை முன்பே அறிந்திருந்தார்கள்; வாங்குபவர்களும் மெல்ல அறிந்துகொண்டார்கள். 2011இல் ஈபே அமெரிக்காவில் தபாற்செலவின் மீதும் கட்டணம் எடுக்கத் தொடங்கியதோடு அந்த வாசல் ஒடுங்கியது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்.

ஒரே பெயர், வேறு வேறு பதிப்பு

போர்ட்லன்ட் நகரை மறந்துவிடாதீர்கள். இறுவட்டுகளை நெருப்பில் வாட்டிய அதே நகரில் 2000ஆம் ஆண்டில் கெவின் லெவன்டொவ்ஸ்கி என்ற கணனி நிரலாளர் டிஸ்கொக்ஸ் என்ற தளத்தைத் தொடங்கினார். அப்போது அது சந்தையல்ல. மின்னணு இசைத் தட்டுகளின் பட்டியல் மட்டுமே. எவரும் சேர்க்கலாம், எவரும் திருத்தலாம். பின்னர் எல்லா வகை இசைக்கும் விரிந்து, அந்தப் பட்டியலின் மீதே சந்தையும் எழுந்தது.

பார்கோட்டால் முடியாத ஒன்றை டிஸ்கொக்ஸ் செய்தது. ஒரு தொகுப்பு பல நாடுகளில், பல ஆண்டுகளில், பல ஆலைகளில் பதிக்கப்படும். தட்டின் அடிப்பக்கத்தில், நடுத்துளையைச் சுற்றி, சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதைக் கொண்டு எந்த ஆலையில் எந்த மூலத்திலிருந்து பதித்தது என்று அறியலாம். சேகரிப்பாளருக்கு அதுதான் முக்கியம். அவர் 1984ஆம் ஆண்டின் பதிப்புக்குப் பன்னிரண்டு பவுண் தருவார். 1999இன் மறுபதிப்புக்கு ஒரு பவுணும் தரமாட்டார். தொடக்கத்தில் சொன்ன விலை வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இந்த எண் சில வேளை எச்சரிக்கையாகவும் அமையும். இங்கிலாந்தின் லங்காஷயரில் பிளக்பேர்ன் நகரிலிருந்த பீ.டி.ஓ. ஆலையில் 1988 முதல் 1993 வரை பதித்த இறுவட்டுகள் பல, காலப்போக்கில் ஓரத்திலிருந்து செம்பு நிறமாக மாறின. பாடல் நூலின் தாளிலிருந்த கந்தகத்தைத் தட்டின் மேற்பூச்சினால் தடுக்க முடியவில்லை. அந்த ஆலையின் பெயர் உங்கள் தட்டில் இருந்தால் முதல் பாடல் முதல் கடைசிப் பாடல் வரை போட்டுக் கேட்டுவிட்டே விற்க வேண்டும். நிறம் மாறியிருந்தால் அதைப் படத்தோடு சொல்ல வேண்டும்.

மேசையில் வைத்துப் பார்ப்பது

வரலாறு போதும், விற்பது எப்படி என்று கேட்கிறீர்கள். இந்த வரலாற்றில் கண்ட ஒவ்வொரு படியும் மேசையில் ஒரு வேலையாகிறது.

முதலில், எது என்பதை உறுதி செய்யுங்கள். நிறுவனப் பெயர், பட்டியல் எண், பார்கோட், நடுத்துளை எண் ஆகிய நான்கும் பொருந்தினால்தான் அது அந்தப் பதிப்பு. இரண்டாவதாக, தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கீறல் அவ்வளவு கெடுதியில்லை. தடத்தோடு வட்டமாக ஓடும் கீறல் கெட்டது. ஏனெனில், தடத்தின் வழியே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் இடைவெளியைத்தான் கருவி தானாகச் சரிசெய்யும். பலரும் அடிப்பக்கத்தையே பார்ப்பார்கள். ஆபத்து கூடியது பெயர் அச்சிட்ட மேற்பக்கம்தான். ஒளியைத் திருப்பும் அலுமினியப் படலம் அந்த மெல்லிய பூச்சுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் திருத்த வழியில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகளும் தெரியும்.

மூன்றாவதாக, தட்டுக்கு ஒரு தரம், பாடல் நூலுக்கு ஒரு தரம் என்று தனித்தனியே எழுதுங்கள். ஐயம் வந்தால் ஒரு படி குறைத்து எழுதுங்கள். பெட்டி உடைந்திருந்தால் வேறு பெட்டி மாற்றலாம். பாடல் நூல் தொலைந்தால் மாற்ற முடியாது. உங்கள் கையிலுள்ள தட்டையே படமெடுங்கள். நான்காவதாக, மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். டிஸ்கொக்ஸும் ஈபேயும் அதைக் காட்டுகின்றன. கேட்பதென்றால் எவரும் எதையும் கேட்கலாம்.

ஐந்தாவது, தபால். 2006 ஓகஸ்ட்டில் ரோயல் மெயில் எடையோடு அளவையும் பார்த்துக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. பெட்டியோடு கூடிய ஓர் இறுவட்டு, குமிழி உறையில், 25 மில்லிமீற்றர் தடிப்புக்குள் அடங்கி, பெரிய கடிதமாகப் போகும். மிதமிஞ்சி அட்டை சுற்றி அந்தத் தடிப்பைத் தாண்டினால் அது பொதியாகிவிடும். இலாபம் அங்கேயே போய்விடும்.

இனி என் தொழிலுக்குரிய ஒரு சிறு கணக்கு. உதாரணத்துக்கு எடுத்த எண்கள்தான். தபாலோடு சேர்த்து 4 பவுணுக்கு விற்ற இறுவட்டில் தபால் 1.70, உறை 0.30, சந்தைக் கட்டணம் பத்து வீதம் 0.40. கையில் மிஞ்சுவது 1.60. வட்டுத் துள்ளுகிறது என்று வாங்கியவர் திருப்பியனுப்பினால், முழுப் பணத்தையும் கொடுத்து, போன தபாலும் உறையும் 2.00, திரும்பி வரும் தபால் 1.70 என 3.70 பவுண் கையை விட்டுப் போகும். சந்தைக் கட்டணம் திரும்பி வந்தாலும் இதே நட்டம்தான். இரண்டு நல்ல விற்பனைகளின் இலாபம் 3.20. ஆகவே தரத்தைக் கூட்டிச் சொன்ன ஒரு விற்பனை, நேர்மையாகச் செய்த இரண்டு விற்பனைகளின் உழைப்பை விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். உண்மை சொல்வது அறம் மட்டுமல்ல, சிக்கனமும்கூட.

வரி பற்றியும் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் 2024 முதல், ஓராண்டில் 30 விற்பனைகளை எட்டியவர்களின் அல்லது ஏறக்குறைய 1,700 பவுணுக்கு மேல் பெற்றவர்களின் விபரத்தை இணையச் சந்தைகள் வரித் திணைக்களத்துக்கு அனுப்புகின்றன. இது புதிய வரியல்ல. சொந்தப் பாவனைக்கு வாங்கியதை விற்று வீட்டைக் காலி செய்வது பொதுவாக வணிகமாகாது. விற்பதற்கென்றே வாங்கினால் அது வணிகம். 2017இல் வந்த ஆண்டுக்கு 1,000 பவுண் வணிகக் கழிவும் அதற்குரியதே. எது எதற்குள் வரும் என்று காட்ட ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருங்கள்.

எங்கள் வீட்டுப் பெட்டிகள்

இனி எங்களுக்கு வருவோம். அண்மையில் நிலையத்துக்கு ஓர் அம்மா தொலைபேசி எடுத்தார். "தம்பி, அவர் சேர்த்து வைச்ச சீடி நாலு பெட்டி கிடக்கு. பேரன் போனாலை பார்கோட் எல்லாம் அடிச்சுப் பாத்தவன். முக்கால்வாசிக்கு ஒண்டும் காட்டேல்லையாம். குப்பைக்குத்தானோ?" என்று கேட்டார். குப்பைக்கு இல்லை அம்மா என்றேன். அதற்கான விளக்கம் எல்லோருக்கும் பயன்படும்.

பார்கோட்டைப் படித்து விலை சொல்லும் செயலிகள் தங்கள் பட்டியலில் இருப்பதையே அறியும். எங்கள் வீடுகளில் இருக்கும் தமிழ் இறுவட்டுகள் பலவற்றுக்குப் பார்கோட் கிடையாது. அமெரிக்காவிலிருந்து ஓரியன்டல் ரெக்கோர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட கர்நாடக இசையும் திரையிசையும் இருக்கும். கோயில் ஒன்றுக்காக உள்ளூர் ஓதுவார் பாடிய தேவாரமும், இங்கு வளர்ந்த பிள்ளையின் மிருதங்க அரங்கேற்றமும், ஊர்ச் சங்கம் ஒன்று வெளியிட்ட நாடகமும் அவற்றோடு இருக்கும். இவற்றுட் பலவற்றை எந்தக் களஞ்சியமும் பதிவு செய்யவில்லை. பட்டியலில் இல்லாததைச் சந்தை காணாது. அதனால் அது பெறுமதியற்றது என்று ஆகிவிடாது.

டிஸ்கொக்ஸில் எவரும் பதிவு சேர்க்கலாம் என்று சொன்னேன் அல்லவா? இங்கே அது பயன்படுகிறது. உறையின் இரு பக்கங்களையும் தட்டையும் படமெடுத்து, பாடியவர், வாசித்தவர், வெளியிட்டவர், ஆண்டு, பாடல் வரிசை எல்லாவற்றையும் உறையில் உள்ளபடியே ஏற்றினால், உலகில் எங்கோ அதைத் தேடும் ஒருவர் காண்பார். விற்பீர்களோ விற்கமாட்டீர்களோ, பதிவு மட்டுமாவது நிற்கும். நேயர்கள் தந்த இறுவட்டுகளில் பதிவில்லாதவற்றை முதலில் பட்டியலில் ஏற்றிவிட்டே நான் விற்பனைக்குப் போடுகிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள். தமிழ்க் கடைகளில் ஒரு காலத்தில் மலிந்து கிடந்த பிரதி இறுவட்டுகளை விற்க முடியாது. அவற்றில் பலவற்றின் அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் பச்சையாகவோ நீலமாகவோ இருக்கும். முதல் விற்பனைக் கோட்பாடு முறையாக வெளியான பிரதிக்கே பொருந்தும். கலைஞருக்கு ஒரு சதமும் போகாத பிரதிக்கு அல்ல. அதேபோல், கணனியில் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு இறுவட்டை விற்பதும் சரியல்ல. சொந்தப் பாவனைக்குப் பிரதியெடுக்க 2014 ஒக்டோபரில் பிரித்தானியா கொடுத்த விலக்கு, 2015 ஜூலையில் உயர் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. இரண்டாவது, இந்தியாவில் முதலில் விற்கப்பட்டவற்றைத் தொகையாகக் கொண்டுவந்து வணிகமாக விற்பதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2011இல் ரீடிஜி என்ற அமெரிக்க நிறுவனம், கணனியில் பதிவிறக்கி வாங்கிய பாடல்களைப் பாவித்த பொருளாக மறுவிற்பனை செய்ய வழி திறந்தது. 2013இல் நீதிமன்றம் அது பிரதியெடுப்பாகும் என்றது. 2018 டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பதிவிறக்கிய கோப்புக்கு மறுவிற்பனை இல்லை. மாதக் கட்டணத்தில் கேட்கும் பாட்டில் எங்களுக்கு உடைமையே இல்லை. வாங்கலாம், கொடுக்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம் என்ற உரிமையோடு எங்கள் கையில் மிஞ்சியிருப்பவை இறுவட்டும் இசைத்தட்டும் ஒலிநாடாவும்தான்.

எனவே பெட்டியைக் காலி செய்ய முன்னர் ஒரு பட்டியல் எழுதுங்கள். பொதுவான ஆங்கில இறுவட்டுகளை நேர்மையான தரத்தோடு விற்றுவிடுங்கள். பத்து பவுண் வந்தாலும் வரவுதான். பதிவில்லாத தமிழ் இறுவட்டைப் பதிந்த பின் முடிவெடுங்கள். ஒரேயொரு பிரதிதான் உண்டென்று தெரிந்தால் விற்காமல் வைத்திருங்கள், அல்லது வைத்துப் பாதுகாக்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். பட்டியல் எழுதக் கை வேண்டுமென்றால் நிலையத்துக்கு அறிவியுங்கள். சனிக்கிழமை பிற்பகல்களில் நான் அங்கேதான் இருப்பேன்.